ஒப்போலைக் கமுக்கமும் குடிமக்கள் அச்சமும்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் ஒருவன் இலக்கணமோ இலக்கியமோ பேசாது தேர்தலைப் பற்றிப் பேச எழுந்தது ஏன் என உங்களுட் சிலர் எண்ணக்கூடும். இந்நாட்டில் தேர்தல் வந்தால் முதலில் ஓலை பெறுபவன் ஆசிரியனே. அவன் பள்ளியையே சாவடியாக்கி, அவன் கரும்பலகைக்கு முன்னாலேயே பெட்டியை வைத்து, அவனையே அலுவலனாக அமர்த்துகின்றனர். ஆகவே நூலிற் படித்த செய்தியோடு கண்ணாற் கண்ட செய்தியையும் சேர்த்துச் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டு.

பொருளுக்குள் நுழையுமுன் இரண்டு சொற்கள். 'ஓட்டு' என்று நாம் நாள்தோறும் சொல்வது ஆங்கிலச் சொல்லின் சிதைவு. நமக்கு ஓடு என்பது கூரையில் வேய்வது. 'வாக்கு' என்பதைத் தமிழென்பாரும் உளர், வடசொல் என்பாரும் உளர். அவ்வழக்கை இன்று நான் கிளறப் போவதில்லை. ஒருவனை ஒப்பி இடுகின்ற ஓலை ஒப்போலை. அச்சொல்லையே நான் ஆள்வேன். 'இரகசியம்' என்பதற்குப் புதுச்சொல் படைக்க வேண்டிய தேவையே இல்லை. 'அவன் கமுக்கமான ஆள்', 'கமுக்கமாய் இருந்துவிட்டான்' என்று நம் ஊர்ப்புறத்து மக்கள் இன்றும் சொல்கின்றனர். படித்தவன் மறந்த சொல்லைப் படியாதவன் காப்பாற்றி வைத்திருக்கின்றான். எனவே ஒப்போலைக் கமுக்கம் என்பதே இன்றைய பொருள். அதன் மறுபக்கம், ஆளுங்கட்சிக்கு எதிராக ஓலையிடக் குடிமக்கள் கொள்ளும் அச்சம்.

2019ஆம் ஆண்டு இறுதியில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு மின்பொறி வந்துவிட்ட போதிலும், நம் ஊராட்சித் தேர்தல் தாளிலேயே நடைபெற்றது. வார்டு உறுப்பினர்க்கு வெள்ளைத்தாள், ஊராட்சித் தலைவர்க்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்திற்குப் பச்சை, மாவட்டத்திற்கு மஞ்சள் என நான்கு நிறத் தாள்கள். தாளைக் கிழித்துக் கொடுக்குமுன் அதன் அடிக்கட்டையில் ஒப்போலை இடுபவரின் பட்டியலெண்ணை எழுதி, அவரிடம் கையொப்பமோ கைநாட்டோ பெறவேண்டும். அந்த அடிக்கட்டையில் என் முன்னே கைநாட்டு வைத்த ஒரு மூதாட்டி, விரலைத் தூக்காமலே கேட்டார்: "ஏன் ஐயா, இதுல கைநாட்டு வைக்கச் சொல்லுறீங்களே, நான் யாருக்குக் குத்துனேன்னு அவுகளுக்குத் தெரிஞ்சுபோயிருமா?" தெரியாது ஆத்தா என்றேன். அவர் நம்பினாரா என்பதை அவர் முகம் காட்டவில்லை. அவருடைய நூறுநாள் வேலை யார் கையில் இருந்தது என்பதை ஊரே அறியும்.

அம்மூதாட்டி எழுத்தறியாதவர், ஆனால் அவர் கேட்ட வினா எழுத்தறியாதவர் வினா அன்று. கட்டையிலும் தாளிலும் ஒரே எண் இருக்கின்றது. கட்டையில் என் பெயர்க்குரிய அடையாளம் இருக்கின்றது. அப்படியானால் இரண்டையும் பொருத்திப் பார்க்க ஒருவன் முனைந்தால் என் உள்ளம் வெளிப்படுமன்றோ? இதே வினாவைக் கடல் கடந்து, உயர்கல்வி கற்ற மக்கள் நிறைந்த ஒரு நாடு அரைநூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வருகின்றது. அது சிங்கப்பூர்.

சிங்கப்பூரைப் பற்றிப் பேசும்போது தமிழன் நெஞ்சு நிமிர்வது இயல்பு. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழையும் ஆட்சிமொழியாக வைத்துள்ள நாடு அது. நாம் இங்குத் தெருப்பலகைக்குப் போராடிக்கொண்டிருக்க, அங்கு நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். கட்சிகளின் பெயரும் தமிழில் அழகாக உள. ஆளுங்கட்சிக்கு மக்கள் செயல் கட்சி என்று பெயர். எதிர்க்கட்சிகளுள் முதன்மையானது பாட்டாளிக் கட்சி. ஆனால் மொழிக்கு இடங்கொடுத்தவர் என்பதற்காக அவர்தம் தேர்தல் முறையை ஆராயாது விடுதல் நடுநிலை ஆகாது.

1959ஆம் ஆண்டு மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டு முதலே அங்கு ஒப்போலை இடுதல் கட்டாயம். 1965இல் மலேசியாவினின்று பிரிந்து தனிநாடாயிற்று. 1968 தேர்தலில் முதன்மை எதிர்க்கட்சி விலகி நிற்க, 58 தொகுதிகளுள் 51இல் போட்டியே இல்லை. ஐம்பத்தெட்டும் ஆளுங்கட்சிக்கே சென்றன. 1972, 1976, 1980 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவ்வாறே. எதிர்க்கட்சிக்கு ஓர் இருக்கையும் இல்லை.

அந்தச் சுவரில் முதற் கல்லைப் பெயர்த்தவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத்துச் சங்கானையில் 1926இல் பிறந்த செயரத்தினம், 1981 அக்டோபர் 31இல் ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் சார்பில் வென்றார். வேறுபாடு 653 ஓலைகள். நாடு விடுதலையுற்றபின் அங்கு வென்ற முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் அவரே. அதன்பின் அவர்பட்ட வழக்குகளும் இழப்புகளும் தனி உரைக்குரியவை. அவர் 2008இல் மறைந்தார். இங்கு நான் அவரைக் குறிப்பிடுவது அந்த 653ஐ நினைவூட்டவே. அந்த வெற்றிக்கு முன்னே, எதிர்த்து ஓலையிட்டவர் எத்தனை பேர் என்பதை எண்ணிக் காட்ட முடிந்ததேயன்றி, எதிர்த்திட விரும்பியும் அஞ்சி நின்றவர் எத்தனை பேர் என்பதை எண்ணிக் காட்ட எந்தக் கணக்கும் இல்லை. அச்சத்திற்குப் பட்டியல் கிடையாது.

அவர்கள் அஞ்சியது எதற்கு? அங்கும் தாளில் எண் உண்டு. அடிக்கட்டையிலும் அதே எண் உண்டு. ஒப்போலை இடுபவரின் பட்டியலெண்ணை அடிக்கட்டையில் குறிக்கும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. அரசுப் பணியில் இருப்பவன், 'என் பதவி உயர்வு போய்விடும்' என்கின்றான். கடை வைத்திருப்பவன், 'உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்' என்கின்றான். வீட்டில் இருப்பவன் வீட்டை எண்ணி அஞ்சுகின்றான். ஏனெனில் அந்நாட்டுக் குடிமக்களில் பத்தில் ஏறத்தாழ எண்மர், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்ககங்களில் வாழ்பவர். வேலையும் வீடும் பள்ளியும் ஒரே கையினின்று வரும்போது அந்தக் கையைக் கடிக்கத் துணிபவன் எத்தனை பேர்?

இனி, நடுநிலையோடு மறுபக்கத்தையும் சொல்வேன். அந்நாட்டுத் தேர்தல் துறை, ஒப்போலை கமுக்கமானதே என மீண்டும் மீண்டும் விளக்கி வருகின்றது. கள்ளத்தாள் நுழையாமலும் ஒருவர் பெயரில் மற்றொருவர் இடாமலும் காக்கவே எண் என்கின்றது. எண்ணி முடிந்ததும் தாள்களும் அடிக்கட்டைகளும் பொறியிட்டு மூடப்பட்டு ஆறு திங்கள் காவலில் வைக்கப்படும், பின்னர் எரிக்கப்படும். முறைமன்றத்தின் ஆணையின்றி அவற்றைத் திறத்தல் இயலாது. 1948இல் அங்குத் தேர்தல் தொடங்கியது முதல் அத்தகைய ஆணை ஒன்றும் பிறந்ததில்லை என்பது அத்துறையின் கூற்று. இதில் வியப்பு என்னவெனில் எதிர்க்கட்சியாரும் இதையே மக்களுக்குச் சொல்கின்றனர். 'உங்கள் ஓலையை எவரும் அறியார், அஞ்சாது இடுங்கள்' என்று பாட்டாளிக் கட்சியே தன் ஆதரவாளர்க்கு எடுத்துரைத்துள்ளது. ஆளுங்கட்சிக்கு எதிராக ஓலை கேட்பவன், ஆளுங்கட்சி நடத்தும் தேர்தல் நேர்மையானது என்று முதலில் வாதிட வேண்டியிருக்கின்றது. இதைவிடக் கடினமான மேடை எவனுக்கு வாய்க்கும்?

ஆகவே தாளைப் பொருத்திப் பார்த்தனர் என்பதற்குச் சான்று இல்லை. நான் அப்படிக் குற்றஞ்சாட்ட மாட்டேன். சான்றின்றிச் சாட்டுதல் புலவர்க்கு அழகன்று. என் வழக்கு வேறு. ஒருவன் என் வீட்டுச் சாவியொன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, 'நான் ஒருநாளும் திறந்ததில்லை' என்கின்றான். அவன் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஆயினும் நான் பூட்டிய வீட்டில் உறங்குகின்றேன் என்று சொல்ல முடியுமா?

இவ்வெண் முறை சிங்கப்பூரார் கண்டுபிடித்ததன்று. ஆங்கிலேயர் கொடுத்துச் சென்றது. ஆங்கிலேயர்க்கும் கமுக்கம் எளிதில் வந்துவிடவில்லை. 1872க்கு முன் இங்கிலாந்தில் ஒப்போலை இடுதல் வெளிப்படையானது. மேடையேறி, இன்னாருக்கு என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதை ஏட்டில் எழுதுவர். அவ்வேடுகளை அச்சிட்டும் விற்றனர்! பண்ணையாரும் ஆலை முதலாளியும் அதை வாங்கி வைத்துக்கொண்டு யார் தமக்கு, யார் எதிரிக்கு எனப் பார்த்தனர். 1868 பொதுத்தேர்தலுக்குப் பின் வேல்சு நாட்டில், நிலக்கிழாரின் விருப்பத்திற்கு மாறாகத் தாராளக் கட்சிக்கு இட்ட குத்தகைக் குடியானவர் பலர் தம் பண்ணை நிலங்களினின்று வெளியேற்றப்பட்டனர். உழுத நிலமும் குடியிருந்த வீடும் ஒரு நாளில் பறிபோயின. 1838இலேயே உழைக்கும் மக்கள் தம் ஆறு கோரிக்கைகளுள் ஒன்றாகக் கமுக்க ஒப்போலையைக் கேட்டிருந்தனர். ஆள்பவர் செவியில் அது ஏற முப்பத்துநான்கு ஆண்டு ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விடுதலையைப் பற்றி ஞாலம் போற்றும் நூல் எழுதிய சான் சுடூவர்ட்டு மில், கமுக்க ஒப்போலையை எதிர்த்தவர். ஒப்போலை ஒரு பொறுப்பு; பொறுப்பைப் பலர் காண ஆற்றுவதே முறை என்பது அவர் கருத்து. அறிஞர் கருத்துத்தான், ஆனால் குத்தகை நிலத்தில் குடியிருப்பவனின் கருத்தன்று. வீட்டை இழக்கும் இடரில் இல்லாதவர்க்கே வெளிப்படை எளிது.

ஆத்திரேலியாவின் விக்டோரியாவும் தென் ஆத்திரேலியாவும் 1856இலேயே கமுக்க முறைக்கு மாறிவிட்டன. ஆங்கில நாடு 1872இல் சட்டம் இயற்றி, அவ்வாண்டு ஆகத்து 15இல் பான்டிபிராக்டு என்னும் ஊரின் இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பெட்டி வைத்தது. அப்பெட்டியின் அரக்கில் குத்திய பொறி, அவ்வூர் அதிமதுர மிட்டாய்க்குக் குத்துகின்ற பொறியாம்! மிட்டாய்ப் பொறியானாலும் அது காத்த பொருள் பெரிது. எனினும் அச்சட்டமே தாளுக்கு எண்ணும் அடிக்கட்டையும் வைத்தது; குடியேற்ற நாடுகள்தோறும் அவ்வழக்கு பரவியது. எண்ணால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1910 திசம்பர்த் தேர்தலில் எக்சிட்டர் தொகுதியில் 4 ஓலைகளால் தோற்றவர், வழக்காடி, தாள்களை ஆராய்வித்து, 1 ஓலையால் வென்றவராக அறிவிக்கப்பட்டார். கள்ள ஓலையைக் களைய எண் உதவும். ஆனால் கள்ளனைப் பிடிக்க வைத்த விளக்கு, வீட்டாரின் படுக்கையறைக்குள்ளும் வெளிச்சம் அடிக்கின்றதே என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை காணாத நாடுகளும் உள. கண்ட நாடுகளும் உள. இன்றைய ஆத்திரேலியாவில் நாடாளுமன்றத் தேர்தல் தாளுக்கு எண்ணே கிடையாது. அலுவலர் கைச்சுருக்கமிட்டுத் தருவதோடு சரி. கனடாவில் எண் உண்டு, ஆனால் தாளில் இல்லை. தாளோடு ஒட்டிய ஒரு துண்டில் உள்ளது. குடிமகன் மறைவிற் சென்று குறியிட்டு மடித்துக் கொண்டுவந்ததும், கொடுத்த தாள்தானா என அலுவலர் அவ்வெண்ணைப் பார்த்து, அந்தத் துண்டைக் கிழித்தெடுத்துவிடுவார். எண்ணற்ற தாள் பெட்டிக்குள் விழும். கள்ளத்தாளும் நுழையாது, உள்ளமும் வெளிப்படாது. ஒரு கிழிப்பில் தீர்ந்துபோகும் செய்தியை, 'எங்களை நம்புங்கள்' என்று எழுபது ஆண்டு சொல்லிக்கொண்டிருத்தல் எதற்கு?

பெருமக்களே! இதுவரை சொன்னது தனியொருவரின் கமுக்கம். இதைவிட ஆழமான ஒன்று உண்டு. அதை நம்மவர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. அது தெருவின் கமுக்கம்.

1996 இறுதியில் சிங்கப்பூரில் தேர்தல் பரப்புரை நடந்தபோது, அந்நாள் தலைமையமைச்சர் கோ சோக் தோங் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பழைய அடுக்ககங்களை அரசு செலவில் புதுப்பிக்கும் பணியில், ஆளுங்கட்சியை ஆதரித்த பகுதிகளுக்கு முன்னுரிமை. தொகுதி அளவில் மட்டுமன்று, தொகுதிக்குள் உள்ள சிறு வட்டார அளவிலேயே ஆதரவு கணக்கிடப்படும் என்பது அது. மேம்பாடு கிடைத்தால் வீட்டின் விலை ஏறும். கிடைக்காவிடில் பக்கத்து வட்டாரம் பளபளக்க உன் வட்டாரம் பாசி பிடித்து நிற்கும். 1997 சனவரி 2இல் தேர்தல். 83 இருக்கைகளில் 81 ஆளுங்கட்சிக்கு. அவ்காங்கும் போத்தோங் பாசிரும் மட்டும் எதிர்க்கட்சியைக் கைவிடவில்லை. அவ்விரு தொகுதி மக்களும் வரிசையின் கடைசியில் நெடுங்காலம் நின்றனர். நின்றும் அவ்காங்கு மக்கள் மாறவில்லை என்பதை நான் மகிழ்ச்சியோடு சொல்கின்றேன். அவ்காங்கு 1991 முதல் 2025 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் பாட்டாளிக் கட்சியிடமே இருந்துள்ளது.

இங்கு எந்த அடிக்கட்டையையும் எவரும் புரட்டவில்லை. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. நீ யாருக்கு இட்டாய் என்று உன்னை எவரும் கேட்கவில்லை. ஆனால் உன் தெரு யாருக்கு இட்டது என்பது வெளியே வந்துவிட்டது. தெருவுக்குத் தண்டம் கிடைக்கும்போது, எதிர்த்தவன் அண்டை வீட்டானுக்கும் குற்றவாளி ஆகின்றான். ஆள்பவன் அச்சுறுத்த வேண்டியதே இல்லை. அண்டை வீட்டானே அப்பணியைச் செய்து முடிப்பான். 'உன்னால்தான் நமக்கு மின்தூக்கி வரவில்லை' என்ற ஒரு சொல் போதும்.

திருவள்ளுவர் அரசியலிற் செங்கோன்மையைச் சொல்லி, கொடுங்கோன்மையைச் சொல்லி, அதோடு நிறுத்தாது, அடுத்த 57ஆம் அதிகாரமாக வெருவந்த செய்யாமையைத் தனியே வைத்தார். வகுப்பில் நாம் இவ்வைப்புமுறையைச் சொல்லிவிட்டு விரைந்து கடந்துவிடுகின்றோம். கொடுமை செய்தல் வேறு, குடிகள் வெருவத்தக்கன செய்தல் வேறு என்று அவர் பிரித்திருப்பதை நின்று நோக்கல் வேண்டும். முறை தவறாமலே, சட்டத்திற்குள் இருந்துகொண்டே, குடிகளை வெருட்ட முடியும். அப்படிப்பட்ட அரசை எவ்வதிகாரத்தில் வைத்து ஆராய்வது என்று கேட்டால், 57ஐத் திறக்க என்பேன்.

சிங்கையில் அச்சம் மெல்லக் கரைந்தும் வருகின்றது. 2011இல் அல்சுனீது குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சி வென்றது. ஐந்து இருக்கை கொண்ட ஒரு குழுத்தொகுதியை ஆளுங்கட்சி இழந்தது அதுவே முதன்முறை. 2020இல் அக்கட்சிக்குப் பத்து இருக்கைகள். 2025 மேத் தேர்தலிலும் 97இல் பத்தைத் தக்கவைத்தது, ஆளுங்கட்சி 65.57 விழுக்காடு பெற்றது. மக்கள் ஆளுங்கட்சியை விரும்பி இட்டிருக்கலாம்; நன்கு ஆள்கின்றது என்று எண்ணியே இட்டிருக்கலாம். அது அவர் உரிமை. ஆனால் விருப்பத்தால் விழுந்த ஓலை எது, அச்சத்தால் விழுந்த ஓலை எது என்று பிரித்தறிய முடியாத வரையில் வென்றவர்க்கும் தம் வெற்றியின் அளவு தெரியாது. அச்சம் தோற்பவரை மட்டும் ஏமாற்றுவதன்று.

இவ்விடத்தில் நம் அன்பர் ஒருவர் எழுந்து, 'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை கண்ட இனமன்றோ நாம்! கமுக்க ஒப்போலையை உலகுக்குக் கொடுத்தவன் தமிழனே' என்று முழங்கக்கூடும். மேடையில் இதைக் கேட்கக் கேட்க இனிக்கும். ஆனால் பெருமையும் உண்மையின் மேல் நிற்க வேண்டும். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தகன் காலத்தன. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதி. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அது திருவுளச்சீட்டு, ஒப்போலை அன்று. எவரும் எவரையும் விரும்பியோ எதிர்த்தோ குறியிடவில்லை. நிலமுடையார்க்கும் மறை கற்றார்க்கும் உரிய பார்ப்பன ஊரவை அது என்பதையும் மறைக்க வேண்டா.

ஆயினும் அதில் நாம் கற்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. சிறுவன் எடுத்த ஓலையை வாங்குபவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும் என்பது விதி. விரலிடுக்கில் வேறோலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதே! அகநானூற்றின் 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார், குடத்து ஓலையை எடுப்போர் அதன் மேலிட்ட பொறியைப் பார்த்த பின்னரே உடைப்பதை உவமையாக்குகின்றார். குடவோலையையே அது குறிக்கும் என அறிஞர் கொள்வர். எதைப் பலர் காணச் செய்வது, எதைக் கட்டிப் பொறியிட்டுக் காப்பது என்ற அறிவு நம் முன்னோர்க்கு இருந்தது. எண்ணுகின்ற கை திறந்திருக்க வேண்டும்; இடுகின்ற கை மூடியிருக்க வேண்டும். கமுக்க ஒப்போலையைக் கண்டோம் எனப் பொய்ப்பெருமை பேசுவதைவிட இந்த அறிவைப் பெருமையாகக் கொள்வது நமக்கு நன்று.

இனி நம் நாட்டுக்கு வருவேன். இங்கு 1951ஆம் ஆண்டின் மக்கள் சார்பாண்மைச் சட்டம், 94ஆம் பிரிவில், எவரையும் 'யாருக்கு இட்டாய்' என்று சொல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்கின்றது. 128ஆம் பிரிவு, கமுக்கத்தை வெளியிடும் அலுவலர்க்கு மூன்று திங்கள் வரை சிறை என்கின்றது. தனியொருவரின் கமுக்கத்திற்கு வேலி உண்டு. தெருவின் கமுக்கத்திற்கு?

தாள்முறை இருந்த காலத்தில், பல சாவடிகளின் தாள்களை ஒரு பெருங்கலத்திற் கொட்டிக் கலந்து, கட்டுகளாகக் கட்டிய பின்னர் எண்ணுவதற்கு விதி இருந்தது. எச்சாவடியில் எவர்க்கு எத்தனை என்பது அவ்வாறு மறைந்துபோகும். மின்பொறி வந்தது, கலக்கல் ஒழிந்தது. ஒவ்வொரு பொறியும் ஒரு சாவடி. ஒவ்வொரு சாவடியும் இரண்டு மூன்று தெரு. ஆயிரம் பேர் அளவில் கணக்கு வெளிப்படையாக அச்சாகி வருகின்றது. சேரி தனிச்சாவடியாக அமைந்த ஊர்களில் சேரி யாருக்கு இட்டது என்பதைக் கேட்டறிய வேண்டியதே இல்லை. ஓலைக்குப் பணங்கொடுப்பவனும் இக்கணக்கைத்தான் நோக்குகின்றான். எந்தத் தெருவில் தன் பணம் 'வீணாயிற்று' என்பதை அவனுக்கு அரசே அச்சிட்டுத் தருகின்றது. 2019 தேர்தலில் உத்தரப் பிரதேசத்தில், நடுவணரசின் அமைச்சர் ஒருவர், ஓலை விழுந்த அளவுக்கேற்ப ஊர்களை நான்கு தரமாகப் பிரித்து அதன்படியே பணி செய்வோம் எனக் கூட்டத்திலேயே பேசினார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. கண்டிக்கலாம், ஆனால் தரம் பிரிப்பதற்கான கணக்கைக் கையில் கொடுத்தது யார்?

பல பொறிகளின் எண்ணிக்கையை ஒன்றாய்க் கூட்டி மொத்தத்தை மட்டும் காட்டும் கூட்டற்பொறியை, தேர்தல் ஆணையமே 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆம் அறிக்கையில் அதை ஏற்றுப் பரிந்துரைத்தது. நடுவணரசு ஏற்கவில்லை. சாவடிவாரிக் கணக்கு கட்சிகளுக்குத் தம் வலிமை குன்றிய இடத்தை அறியப் பயன்படும் என்பர். கட்சிக்குப் பயன்படும், சரி. குடிமகனுக்கு?

நம் ஆசிரியத் தோழர்க்கும் ஒரு சொல். தேர்தற் பணியில் இருப்பவர் அஞ்சல் ஓலை இடுகின்றோம். அதனோடு கையொப்பமிட்டுச் சான்றொப்பம் பெற்று வைக்கும் உறுதிமொழித் தாளில் ஓலையின் எண்ணை எழுதுகின்றோம், உள்ளுறையிலும் அவ்வெண்ணே. எண்ணும் மன்றில் முதலில் உறுதிமொழியைச் சரிபார்த்து, பின்னரே உள்ளுறையைத் தனியே பிரிப்பர் என்பது விதி. ஆயினும், 'அரசுக்கு எதிராக இட்டால் மாறுதல் வந்துவிடுமோ' என்று ஆசிரியர் அறையில் மெல்லிய குரலில் பேசிக்கொள்வது உண்டா இல்லையா? சிங்கப்பூர் எழுத்தரின் அச்சமும் நம் அறையின் அச்சமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அங்குள்ளாரை நகையாடும் தகுதி நமக்கில்லை.

சட்டத்தை மாற்றுதல் நம் கையில் இல்லை. கூட்டற்பொறி வேண்டுமென இவ்விதழும் இவ்வரங்கும் குரல் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். சாவடிக்குள் நம் கையில் உள்ளவை சில உண்டு. மறைப்புத் தட்டியைச் சாளரத்தின் பக்கம் வைக்காதீர். வெளியே நிற்பவன் தோளசைவைக் கண்டே எந்தப் பொத்தான் என்று சொல்லிவிடுவான். முதியவர்க்கு உதவ என்று கட்சியாள் ஒருவன் கையைப் பற்றிக்கொண்டு தட்டிவரை வருவான். அவனை வாயிலிலேயே நிறுத்துங்கள், உறவினனாயினும் விதிப்படி மட்டுமே விடுங்கள். மின்பொறியில் நேரம் எடுத்துத் தடுமாறுபவரைப் பார்த்து, 'எதைப் பாட்டி தேடுகிறீர்கள்' என்று உரக்கக் கேட்காதீர். அவர் சின்னத்தைச் சொல்லிவிடுவார், சாவடி முகவர் அனைவரும் கேட்பர். தாள்முறைத் தேர்தலாயின், அடிக்கட்டையில் கைநாட்டு எதற்கு என்று கேட்பவரை விரட்டாதீர். அக்கட்டை எங்கே போகும், எவர் பொறியிடுவர், எவர் திறக்கக் கூடாது என்பதை இரண்டு வரியில் தமிழில் சொல்லுங்கள். வரிசை நீளமாயிருக்கும், மேலலுவலர் முகஞ்சுளிப்பார். சொல்லிவிட்டே தாளைக் கிழித்துக் கொடுங்கள்.